காய்ச்சல் இல்லாத நாளில் வந்த டாக்டர்

டாக்டர் ஜமீலாவுடன் படித்த நீங்கள் எல்லோரும் மருத்துவர்கள். உங்கள் இரங்கல் கூட்டத்தில் வாசிக்க எழுதி அனுப்பும் தகுதி எனக்கு இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். ஜவ்வாது மலை மருத்துவமனையில் அவருக்குக் கீழே ரத்தப் பரிசோதனை வேலை பார்த்தேன்.

டாக்டர் விடுப்பில் வீட்டுக்குப் போயிருந்தார். ஒடுகத்தூர் பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் நேரே ஆய்வகத்துக்கு வந்தார். "வாணியம்பாடியில டாக்டரம்மா தவறிட்டாங்களாம்மா. மாரடைப்பு." டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று வைத்திருந்த ரத்த ஸ்லைடு என் கையில் இருந்தது.

நான்கு வயது வள்ளிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் வரும், வாயெல்லாம் புண். அவள் அண்ணன் அப்படி ஒரு காய்ச்சலில்தான் போனான். காய்ச்சல் கண்டால் அந்த வீட்டில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, மூன்று நாள் குழந்தையை ஊர் எல்லை தாண்ட விடமாட்டார்கள். அதன் பிறகே எங்களிடம் வருவாள். ரத்தத்தில் மலேரியா தெரியாது. ஆனாலும் மலேரியா மாத்திரைதான் கொடுத்தோம். காய்ச்சலும் இறங்கிவிடும்.

ஒருநாள் தாய் குப்பம்மா கேட்டாள்: "உங்க மாத்திரைக்கு காச்ச போவுதா, இல்ல அது போற அன்னிக்கு நீங்க மாத்திரை குடுக்கறீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. "காச்ச வூட்டுக்குள்ள வந்தப்பறம் வர்றீங்க. அது வாசல்ல நிக்கும்போதே ரத்தத்த நான் பாக்கணும். நல்லா இருக்கும்போது கூட்டினு வா."

"ஓடியாடுற புள்ளைய குத்துவாங்களா? இன்னா டாக்டரம்மா!"

அவள் வரவில்லை. அடுத்த காய்ச்சல் நெருங்கியபோது மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு நாங்களே அவர்கள் ஊருக்கு ஏறினோம். குப்பம்மா வாசலை மறித்தாள். "நல்லாத்தான கீறா? இவளையாவது வுடுங்க."

டாக்டர் ஊசியால் முதலில் தன் விரலைக் குத்திக்கொண்டார். "எனக்குங்கூட காச்ச இல்ல, தாயி." குப்பம்மா மகளின் விரலைத் தானே பிடித்து நீட்டினாள்.

டாக்டரின் ரத்தத்தில் சாதாரணமாகத் தெரிந்த நியூட்ரோபில், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு, வள்ளியின் ரத்தத்தில் ஒன்றுகூட இல்லை. ஸ்லைடை நகர்த்தி நகர்த்தித் தேடினேன். "இல்லைங்க" என்றேன். வெளியே அவள் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வள்ளிக்கு உடம்பு கொதித்தது. மருந்தும் ஊசியுமாக டாக்டர் அங்கேயே இருந்தார். அந்த அணுக்கள் முறைவைத்து வற்றிப்போகின்றன என்பது பிறகு பலமுறை பார்த்ததில் உறுதியாயிற்று. "கொணமாக்க எனக்குத் தெரியாது. காவல் இருக்கத் தெரியும்" என்பார்.

விளையாடும் குழந்தையையும் நின்று கவனிக்கும் கண்தான் அவர் எனக்கு விட்டுப்போனது.

நேற்று வள்ளியின் ரத்தம் பார்த்தேன். அணுக்கள் குறையத் தொடங்கிவிட்டன. எனக்கு அவற்றை எண்ண மட்டுமே தெரியும். கூட்டம் முடிந்ததும் உங்களில் ஒருவர் ஒடுகத்தூர் பஸ் ஏறிவிடுங்கள்.