ஒரகடத்தில் ஒரு குண்டுவீச்சு ஒத்திகை

காலை ஏழு மணிக்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறியபோது ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அதிலேயே பயணம் பாதி வெற்றி. எட்டரைக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கிப் பதினைந்து ரூபாய்க்கு டீ குடித்தேன். வடக்குப்பட்டுப் பக்கம் போக ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

இரண்டாம் உலகப் போரைப் பற்றி எது கிடைத்தாலும் படிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. அந்தப் போரில் விமானங்கள் படைகளை மட்டும் தேடி வரவில்லை, பேரிங் செய்யும் ஊர்களையும் தேடி வந்தன. குறி தவறிக் குடியிருப்புகளில் குண்டு விழுந்தது. பிறகு குடியிருப்புகளையே குறிவைத்தார்கள். தொழிலாளிக்கு வீடு இல்லையென்றால் எந்திரம் நின்றுவிடும் என்று நினைப்பு. அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தச் சாலை முழுக்கக் குறிதான். கார், டயர், பேரிங் ஆலைகளுக்கு நடுவே கொடியில் சீருடை காயும் விடுதிகள்.

"இங்கே குண்டு போட்டால் என்ன ஆகும்?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டுவைத்தேன்.

"காலங்காத்தால இன்னா சார் பேச்சு இது? மொதல்ல டிராஃபிக் ஜாம் ஆவும்," என்றார்.

நான் போனது கலைவாணி வேலை செய்யும் தொழிற்சாலைக்கு. தாம்பரத்தில் எங்கள் மாடியில் குடியிருந்தவள், சொந்த ஊர் மண்ணூர். ஆலையில் பாதுகாப்பு அதிகாரி அவள்தான். தங்கை செல்விக்கும் அங்கேயே பேக்கிங் லைனில் வேலை. அன்றைக்கு வான்தாக்குதல் ஒத்திகை என்று தெரிந்ததும், பார்த்தே தீருவேன் என்று நச்சரித்து அனுமதி வாங்கியிருந்தேன்.

"அஞ்சு வருஷமா, சங்கு ஊதுனா எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வான்னு சொல்லிகினு இருக்கேண்ணா. போன வருஷம் எண்ணெய் தீப்புடிச்சப்போ செல்வி பொழச்சதே அதாலதான். இன்னிக்கு வெளிய வராதேன்னு சொல்லணும்," என்றாள் கலைவாணி.

பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. தீ என்றால் ஒரே சீராக ஒலிக்கும். இது ஏறி ஏறி இறங்கியது. ஒரு வாரமாகச் சொல்லியும் வைத்திருந்தார்கள். ஆனாலும் கதவுகள் திறந்தன. எல்லோரும் வரிசையாக வந்து, 'கூடுமிடம்' என்று எழுதிய பச்சைப் பலகைக்கு முன்னால், வெட்டவெளியில் கூடி நின்றார்கள். சூப்பர்வைசர்கள் தலை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மேலேயிருந்து பார்த்தால் இந்தக் கூட்டம் எப்படித் தெரியும் என்று யோசித்ததும் சிரிப்பு போய்விட்டது.

"உள்ள போங்க! செவுத்தோரமா உக்காருங்க!" என்று கலைவாணி மைக்கில் கத்தினாள். பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர், தங்களைச் சோதிக்கிறாள் என்று நினைத்து வரிசை கலையாமல் நின்றார்கள்.

"இன்னொரு தடவை பழக்கினால் சரியாகிவிடும்," என்று தேற்றினேன்.

"பழக்கிடலாம். அப்புறம் நெஜமாவே தீப்புடிச்ச அன்னிக்கு உள்ளயே உக்காந்துட்டாங்கன்னா?"

இத்தனை வருடம் குண்டு போட்டவர்களைப் பற்றியே படித்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்கு வந்த செல்வியைக் கலைவாணி பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, சத்தம் வேறன்னு தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சிதுக்கா."

"அப்புறம் ஏன் வெளிய வந்த?"

"நீ வெளிய நின்னுகினு இருந்தியே."

கலைவாணி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். உண்மைதான், சங்கு ஊதுமுன்பே வழக்கம்போல் அடையாளக் கொடியைத் தூக்கிக்கொண்டு பச்சைப் பலகையடியில் போய் நின்றது அவள்தான்.

மாலை நான்கு மணிக்குக் கேட் வரை வந்து என்னை வழியனுப்பினாள். ஷேர் ஆட்டோவில் நான் ஏறிய பிறகும் அதன் கைப்பிடியை விடாமல் நின்றாள்.

"நெஜமா பிளேன் வந்துச்சுன்னா, நான் எங்க நிக்கிறதுண்ணா? அவ அங்கதான் வருவா."