ரெக்கார்டு ரூம் சமணர்

பழைய மாவட்டக் குறிப்புப் புத்தகம் எதையும் எடுத்தவுடன் அவர் திறப்பதில்லை. அதன் முதுகில் மெல்லத் தட்டி, "ஒதுங்கிக்கோங்கப்பா, திறக்கப் போறேன்" என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் பிரிப்பார். உள்ளே இருப்பவை புத்தகப் பூச்சிகள்.

கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமுக்கு அவர்தான் பொறுப்பு. சமணர். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிறவர். பூச்சிகளை அலுங்காமல் எடுத்துப்போய் ஜன்னலுக்கு வெளியே விடுவார். சாப்பாட்டு நேரத்துக்குள் அவை திரும்பிவிடும் என்பது ஆபீசுக்கே தெரியும். மருந்து டப்பா சீல் உடையாமல் அலமாரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேலதிகாரி கத்தினால், "நாளைக்கு அடிச்சிடலாம் சார்" என்பார். அந்த 'நாளை' வந்து, பக்கத்து மேஜையில் இருக்கும் நான் பார்த்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இந்த ஊர்ச் சமணர்களைப் பற்றி எழுதிய பக்கமும் இங்கே ஒரு மாவட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது. 'இவர்கள் எந்த உயிரையும் கொல்வதில்லை' என்று வியந்துவிட்டு, கீழே அவர்கள் கோயிலின் நான்கு எல்லைகளையும் குறித்திருக்கிறார். கோயிலின் பின்பக்கத்து இடம் தன்னுடையது என்று இப்போது பக்கத்து மில்காரர் வழக்குப் போட்டிருக்கிறார். கோயிலுக்கு அந்த வெள்ளைக்காரர் எழுதிய பக்கம் ஒன்றுதான் ஆதாரம். அதில் மூன்று எல்லைகளைப் பூச்சி தின்றாகிவிட்டது. நல்லவேளை, பின்பக்க எல்லை மட்டும் மிச்சம்.

"மருந்து அடிச்சிருந்தா முழுசா இருந்திருக்குமே?" என்று கேட்டேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"இருந்திருக்கும். ஆனா அதே பக்கத்துல மேல எங்களப் பத்தி எழுதியிருக்கிறது பொய்யாப் போயிருக்குமே!"

வீட்டில் அவர் மனைவி இந்தப் பதிலுக்கு மசியவில்லை. "கோயில் இடமே கைவிட்டுப் போயிட்டா, அப்புறம் யாருக்குங்க இந்தக் கொள்கையெல்லாம்?" என்று கேட்டதோடு சரி, அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லையாம். சொல்லும்போது சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

நேற்று கோயில் தரப்பு வக்கீல், அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டு மனுவும் கையுமாக வந்தார். புத்தகத்தைப் பிரித்தால், மிச்சமிருந்த அந்த ஒரே வரியின்மேல், தாளுக்குள் பாதி புதைந்தபடி ஒரு பூச்சி; பிடித்து இழுத்தால் வரியும் சேர்ந்து கிழியும். வக்கீல் கட்டைவிரலைத் தூக்கினார்.

"நசுக்கிடட்டுமா?"

"ஐயையோ, பொறுங்க சார்!"

சமணர் குறுக்கே கையை நீட்டினார். பூச்சியைப் பார்த்தார், வரியைப் பார்த்தார். சட்டென்று வக்கீல் கையிலிருந்த மனுவைப் பிடுங்கி, எழுதாத ஓரத்தைச் சர்ரென்று கிழித்து, பூச்சியின் வாயருகே வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.