'ஹீப்' என்று எழுதியிருந்தேன்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை.

நேற்று குடோனில் தோல் சரிந்து, அங்கே வேலை செய்யும் செல்வி அக்காவின் கால் எலும்பு முறிந்துவிட்டது. இன்று காலை ரிப்போர்ட்டில் 'ஹீப் ஆஃப் லெதர்' என்று எழுதினேன். அங்கே கிடந்தது குவியல்தான். நடக்கிற வழியிலேயே கிடந்தது.

மேனேஜர் படித்தார்.

"இன்னாம்மா இது? ஹீப்னா நாம கண்டபடி கொட்டி வெச்ச மாதிரி ஆய்டும். ஷூ வாங்குற பையர் கேள்வி கேப்பான். ஸ்டேக்னு மாத்திடு, ஒழுங்கா அடுக்கி வெச்சதுன்னு அர்த்தம் வரும்."

மாற்றினேன். மூன்று வருடம் ஆங்கில இலக்கியம் படித்தது வீண்போகவில்லை.

மதியம் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டு போட்ட காலைத் தலையணை மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இங்கிலீஷ்ல இன்னா எழுதிக்கீற? சொல்லு."

"அடுக்கி வெச்சிருந்த தோல் சரிஞ்சு விழுந்துச்சுன்னு இருக்குதுக்கா."

"அடுக்கியா வெச்சிருந்தாங்க?"

நான் பேனா மூடியைத் திறந்து நீட்டினேன். அக்கா கையெழுத்துப் போட்டார். பிறகு மகளைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னார்.

குடித்தேன். சர்க்கரை இருந்ததா என்று நினைவில்லை.

சரி, இன்று உங்கள் ஆபீஸில் நீங்கள் மாற்றிய வார்த்தை எது?