ரொட்டோருவாவில் ஏழு வாளி

நியூசிலாந்துக்கு வந்தபின் நாங்கள் போன முதல் விடுமுறைப் பயணம் உண்மையில் ஒரு சாவுச் சடங்கு. ஒன்பது வயதில் எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரொட்டோருவாவில் மலையிலிருந்து சறுக்கி இறங்கும் வண்டி இருக்கிறது, ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்பதுதான்.

அப்பப்பா திருகோணமலையில் இறந்து அன்றைக்கு முப்பத்தோராம் நாள். அப்பாவால் போகமுடியவில்லை. வதிவிட விசா முடிவாகும்வரை நாட்டைவிட்டு அசையவேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் இறந்தவருக்குக் கடன் கழிக்கக் கன்னியாவுக்குப் போவார்கள். அங்கே பக்கத்துப் பக்கத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஏழிலும் அள்ளித் தலையில் வார்க்கவேண்டும். அங்கே சித்தப்பா வார்ப்பார். மூத்த மகனான அப்பா எங்கே போவது? அப்பா யோசித்து யோசித்து, வெந்நீர் ஊற்றுகள் உள்ள ரொட்டோருவாவைக் கண்டுபிடித்தார். இதெல்லாம் சரிவருமா என்று அம்மா கேட்டதற்கு, "நிலத்துக்குள்ளயிருந்து வாற தண்ணிதானே," என்று மட்டும் சொன்னாராம்.

பேக்கரியில் இரவு வேலை முடித்து, ரானுயியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஒரு தேத்தண்ணியோடு காரை எடுத்தார். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தூங்கினார். விசா கிடைக்கும்வரை வேக எல்லையை ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டமாட்டார். பின்னால் வந்த லாரிகள் எல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டு முந்திப் போயின.

ஊருக்குள் நுழைந்ததும் கந்தக மணம் மூக்கில் ஏறியது. சாவுத் துடக்கு, தீட்டு என்று ஒரு மாதமாக வீட்டில் மரக்கறிதான். முட்டையைக் கண்ணால் கண்டதில்லை. இப்போது ஊர் முழுக்க அவித்த முட்டை மணம். அம்மா அன்றைக்கு ஒரு முறைதான் சிரித்தார், அது அப்போதுதான்.

நாங்கள் தங்கிய மோட்டலின் பின்புறம், பலகை வேலிக்குள் ஒரு சின்னச் சுடுநீர்த் தொட்டி. சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: தலையை நனைக்கவேண்டாம். நிலத்தடி வெந்நீர் மூக்குக்குள் போனால் ஆபத்தாம். அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். சிவப்பு விளக்கில் ஆளில்லாத தெருவிலும் நிற்கிற மனிதர் அவர். கொஞ்ச நேரம் இடுப்பில் கட்டிய சாரத்தோடு அப்படியே நின்றார். பிறகு என் கடற்கரை வாளியைக் கேட்டார். மோட்டல்காரர் வருகிறாரா என்று பார்ப்பதும் எண்ணுவதும் என் வேலை.

மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் வாளியை ஊற்றினார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அடுத்த வாளிக்கு வெகுநேரம் எடுத்தது. மூன்றாவதில் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். நாலரை ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஐந்தாவது வாளி முடிந்ததும் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை முடிஞ்சுது, பிள்ளை?"

"செவன்," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

சறுக்குவண்டியில் ஒரே ஒரு தரம் போக நேரம் இருந்தது. கீழே இறங்கி வந்தபோது அப்பா வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடி, ஈரத் தலையோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு வாளி இருபது வருடம் என்னோடு வந்தது. மேலுலகம் போகிற அப்பப்பாவை நான் பாதி வழியில் நிறுத்திவிட்டேன் என்றுகூட நினைத்திருக்கிறேன். போன குளிர்காலத்தில் அப்பா பிளாக்ஹவுஸ் பே பகுதியில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். முழங்கால் வலிக்கு வாளியில் சுடுநீர் வைத்துக் கொடுத்தேன். காலை அதற்குள் விட்டுக்கொண்டிருந்தவரிடம், அன்றைக்கு ஐந்துதான் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றார் அப்பா. "நானும் எண்ணினனான்தானே."

ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். காலை மெல்ல அசைத்தார்.

"நல்லாக் களைச்சுப் போனன், பிள்ளை. முடிஞ்சுதெண்டு ஆராவது சொன்னாப் போதும் போல இருந்தது."