அக்கரையில் ஒரு தட்டு

நாகலூர் பஸ் சூடேறி ஓடைப் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. குடத்தோடு இறங்கிய டிரைவர் காலிக் குடத்தோடு திரும்பினார். கீழே வெறும் மணல். வெயிலில் காயும் மணலுக்கு ஒரு வாசனை உண்டு, அரிசி வறுக்கிற சட்டி மாதிரி. அது மூக்கில் ஏறியதும் என் இருபத்திரண்டு வயது வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

எண்பதுகளின் தொடக்கம். பாலம் கிடையாது. இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே, தண்ணீர் இல்லாத நாட்களில் இந்த ஓடைதான் எங்களுக்கு ரோடு. இக்கரையில் எஸ்டேட் ஆபீசும், அங்கே கணக்கெழுதும் ரைட்டரான என் அறையும். பஸ், கடை, தொழிலாளர் வீடுகள் எல்லாம் அக்கரையில். அமைதியாக இருக்குமென்று நானே கேட்டு வாங்கிய அறை. சாயங்காலமானால் சுவர்ப்பல்லியிடம் யோசனை கேட்கிற அளவுக்கு அமைதி.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கரை முதல் வீட்டு மாராயியக்கா குரல் கொடுப்பார். "ஏனுங்க ரைட்டரு, சாப்டீங்களா?"

"ஆச்சுங்க்கா!"

அவ்வளவுதான். அதற்காகவே பொழுது சாயக் காத்திருப்பேன்.

தீபாவளிக்கு முதல் நாள், சேலத்தில் அம்மா காத்திருக்க, புதுச்சட்டையோடு ஓடையில் இறங்கினேன். தலைக்கு மேல் பளீர் வெயில். மலையுச்சியில், சேர்வராயன் கோயில் பக்கம் மட்டும் வானம் கறுத்திருந்தது.

"எறங்காதீங்க ரைட்டரு! மேல நொம்ப மழைங்க!" என்று அக்கா கத்தினார்.

"கொடை வெச்சிருக்கனுங்க்கா!" என்றேன் நான், பெரிய அறிவாளி.

வளைவில் செம்மண் வெள்ளம் மரக்கட்டைகளோடு திரும்பியதும் வந்த வழியே ஓடினேன். கைநழுவிய குடை மட்டும் எனக்கு முன்னால் வெள்ளத்தோடு சமவெளிக்குப் போனது.

தீபாவளியன்றும் வெள்ளம் வடியவில்லை. அதன் இரைச்சலில் அக்காவின் குரல் இக்கரைக்கு எட்டவில்லை. தட்டைத் தூக்கிக் காட்டி, கையை வாய்க்குக் கொண்டுபோனார். சமைக்க மனமில்லாமல் கிடந்த நானும் என் தட்டைத் தூக்கி, ஆச்சு என்று தலையாட்டினேன். அவர் என் கூரையைச் சுட்டிக்காட்டினார். புகை எங்கே? மாட்டிக்கொண்டேன். உள்ளே போய் ஈர விறகோடு மல்லுக்கட்டினேன். கூரையில் புகை கிளம்பும்வரை அவர் வாசலை விட்டு நகரவில்லை.

இப்போது அந்த வீடுகள் இருந்த இடத்தில் பூட்டிய கேட்டும் பெரிய பங்களாவும். டிபன் டப்பாவோடு பாலத்தில் இறங்கி நின்றேன். அக்கரையைப் பார்த்து, சும்மா, டப்பாவை ஒருமுறை தூக்கினேன்.

பயணிகளின் பாட்டில் தண்ணீரைக் குடித்த பஸ் உறுமியது. "ஏனுங்க, சாப்டாச்சுங்களா? ஏறுங்க, போலாம்!" என்றார் கண்டக்டர்.

"ஆச்சுங்க" என்றேன், திறக்காத டப்பாவோடு. அவர் நம்பிவிட்டார்.