வெளுத்த முருகையும் வெற்றிலைச் சுண்ணாம்பும்

ஏரம்பு முத்துலிங்கம் (1938–2010). பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வுகூட உதவியாளர்; போரினால் தொழிற்சாலை மூடப்பட்டபின் சில ஆண்டுகள் வயல் செய்தவர்; கிளிநொச்சியை விட்டு ஊரே எழும்பியபோது தாமும் எழும்பி, வவுனியா நெளுக்குளத்தில் இரண்டறை வீடொன்றில் மனைவி கமலாசனியுடன் குடியிருந்தவர்.

தொழிற்சாலையில் அவர் செய்தது ஒரே வேலைதான். ஆனையிறவு உப்பைக் கரைத்த நீரில் சலவைச் சோடாவையும் எரிசோடாவையும் அளந்து இடுவார். நீரிலுள்ள கல்சியமும் மகனீசியமும் வெள்ளைக் களியாகத் திரண்டு அடியில் படியும். அந்தக் களியை அங்கே எல்லோரும் ஊத்தை என்றே சொன்னார்கள். ஊத்தையை வடித்துக் கொட்டிவிட்டு, கண்ணாடிபோலத் தெளிந்த உப்புநீரை மட்டும் அடுத்த கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சிறிது தப்பிப் போனாலும் அங்குள்ள மின்கலங்கள் கெட்டுவிடும். இளமை முழுவதும் செய்த வேலையாதலால் அவருடைய கை அதைத் தானாகவே செய்யப் பழகியிருந்தது. தொழிற்சாலை போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கிணற்று நீரைக்கூடத் துணியில் வடிக்காமல் கமலாசனி குசினிக்குள் கொண்டுபோக முடியாது.

பரந்தன் சந்தியில் மஹ்றூப் என்பவர் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். முத்துலிங்கத்துக்கு இளையவர், நல்ல பழக்கம். 1990 ஐப்பசியில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, கடையைப் பூட்டி, திறப்பை முத்துலிங்கத்தின் கையில் வைத்து, “அண்ணை, வந்து வாங்கிறன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆறு ஆண்டுகள் முத்துலிங்கம் அந்தக் கடையைக் கூட்டினார். கறையான் அரித்த பலகைகளை மாற்றினார். பிறகு அவரும் ஓட வேண்டி வந்தது. கடை நின்ற இடத்தில் பின்னர் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. திறப்பு மட்டும் அவரோடு வந்தது.

2002இல் பாதை திறந்தபின் மஹ்றூப் புத்தளத்திலிருந்து திரும்பினார். வவுனியா நகரில் வளர்ப்பு மீன் கடை போட்டு, நெளுக்குளத்தில் முத்துலிங்கத்தின் பக்கத்து வளவில் குடியேறினார். முத்துலிங்கம் திறப்பைக் கொண்டுபோய் நீட்டினார். மஹ்றூப் அதை வாங்கித் தம் திறப்புக் கோவையில் கோத்துக்கொண்டு, இருந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். கடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முத்துலிங்கத்துக்கு மனம் சற்று இலேசாகியிருக்கும்.

மஹ்றூப்பின் விறாந்தையில் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மீன்களுக்காக வைத்த தொட்டியன்று. உள்ளே ஐந்து உயிர் முருகைகள், பவளப்பாறை கட்டும் கடலுயிர்கள். முல்லைத்தீவுக் கடலில் வலையில் சிக்கி முறிந்து கரைக்கு வந்த துண்டுகளை மீனவர்களிடம் கேட்டு வாங்கி, கல்லில் ஒட்டி வளர்த்திருந்தார். சுண்ணாம்புச் சூளைக்குப் போகும் முருகைக்கல்லையே முத்துலிங்கம் அதுவரை பார்த்திருந்தார். அது உயிரோடு இருக்கையில் பழுப்பும் பச்சையுமான மெல்லிய சதையைப் போர்த்திக்கொண்டு, ஊசிமுனை அளவான வாய்களை நீரில் விரிக்கும் என்பதை அங்கேதான் கண்டார். முல்லைத்தீவுக்குப் போய் வரும்போதெல்லாம் மஹ்றூப் பிளாஸ்டிக் கான்களில் கடல்நீர் கொண்டுவந்து தொட்டியில் மாற்றுவார்.

2006 ஆவணியில் போர் மீண்டும் மூண்டது. அதே காலத்தில் மஹ்றூப்பின் மனைவி சரீபாவுக்குச் சிறுநீரக நோய் முற்றியது. அவரைப் புத்தளத்தில் மகளோடு வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தொட்டியைச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொண்டுபோக வழியில்லை. ஆண்கள் இருவரும் அதைத் தூக்கிவந்து முத்துலிங்கத்தின் முன்னறையில் வைத்தார்கள்.

“அண்ணை, ரண்டு மாசம் பாருங்கோ. வந்து எடுக்கிறன்.”

முத்துலிங்கம் தொட்டியின் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

“என்ன யோசிக்கிறியள்?”

“நீ என்னட்டைத் தந்த சாமான் ஒண்டும் உருப்படியாத் திரும்பி வரேல்லை, தம்பி.”

“திறப்பு வந்ததுதானே” என்றார் மஹ்றூப்.

கமலாசனி குசினி வாசலில் நின்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “உது கடிக்குமோ தம்பி?”

“கடியாது அக்கா. சாப்பாட்டிலை குறையும் சொல்லாது.”

“அப்ப இந்த வீட்டிலை இருக்கிற ஆளைவிட நல்லது.”

மஹ்றூப் சிரித்தார். முத்துலிங்கம் சிரிக்கவில்லை. இந்த முறையாவது கொடுத்ததைக் கொடுத்தபடி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற ஓர் எண்ணமே அவருக்குள் நின்றது.

வைத்திருந்த கடல்நீர் தீர்ந்தது. முல்லைத்தீவுப் பாதை மூடிக் கிடந்தது. புத்தளத்திலிருந்து மஹ்றூப் அனுப்பிவைத்த கான்கள் இடையில் ஒரு சாவடியில் கவிழ்க்கப்பட்டன. ஒரு மனிதன் வெறும் கடல்நீரைப் பஸ்ஸில் அனுப்புகிறான் என்றால் யார்தான் நம்புவார்கள்? அதன்பின் முத்துலிங்கம் தமக்குத் தெரிந்த வேலையைக் கையில் எடுத்தார். கடையில் மன்னார்க் கல்லுப்பு வாங்கிக் கரைத்தார். சலவைச் சோடா இட்டார், எரிசோடா இட்டார், படியவிட்டார், துணியில் வடித்தார், மிஞ்சிய காரத்தை வினாகிரி விட்டுத் தணித்தார். ஊத்தையைக் கோழிக்கூட்டின் பின்னால் கொட்டினார். பரந்தனை விட்ட பிறகு அவ்வளவு நல்ல உப்புநீரை அவர் கண்டதில்லை.

முருகைகள் வெளுக்கத் தொடங்கின. முதலில் நிறம் மங்கியது. பிறகு வாய்கள் விரியாமற் போயின. பின்னர் நுனிகளில் சதை கழன்று எலும்பு தெரிந்தது. முத்துலிங்கம் வெயில் படாமல் யன்னலுக்குச் சாக்குக் கட்டினார். ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டு நீருக்குள் தொங்கவிட்டார். அடிக்கடி தண்ணீரை மாற்றினார். மாற்ற மாற்ற வெளுப்புக் கூடியது.

மஹ்றூப் தொலைபேசியில் விசாரித்தார்.

“வெளிச்சம் கூடவோ அண்ணை?”

“சாக்குக் கட்டியிருக்கிறன்.”

“தண்ணி எப்பிடி?”

“தண்ணியிலை ஒரு குற்றமும் இல்லை. மற்றப் பக்கத்துச் சுவரிலை இருக்கிற பல்லியின்ரை கண் தெரியும், அவ்வளவு தெளிவு.”

“அப்ப என்னெண்டு எனக்கும் விளங்கேல்லை” என்றார் மஹ்றூப். சரீபாவுக்கு அன்று இரத்தம் சுத்திகரிக்கும் நாள். அவர் அவசரத்தில் இருந்தார்.

சிறு தட்டையான முருகை ஒன்று முழுவதும் செத்தது. முத்துலிங்கம் அதை எடுத்துக் கழுவி அலுமாரியின் மேல் வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை என்பதைக் கமலாசனி கவனித்தார்.

சில நாள் கழித்து, முட்டை பொறுக்கப் போன கமலாசனி கையில் ஒரு முட்டையோடு வந்து, அதைக் கரண்டியால் தட்டிக் காட்டினார்.

“இஞ்சருங்கோ, இதை உடைக்கப் பாருங்கோ. முந்தித் தொட்டாலே நொறுங்கும். இப்ப கல்லுமாதிரிக் கிடக்கு.”

“அதுக்கு நான் என்ன செய்யிறது?”

“நீங்கள் கொட்டுற ஊத்தையைத்தான் கோழியள் கொத்துதுகள். விடியக் கூடு திறந்தவுடனை தவிட்டைப் பாராமல் அங்கைதான் ஓடுதுகள்.”

முத்துலிங்கம் முட்டையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். கோழிக்கு முட்டைக்கோது எதனால் ஆகிறதோ அதனால்தான் முருகைக்குக் கல்லும் ஆகிறது. அந்த ஐந்தும் நாள்தோறும் நீரிலிருந்து தேடி எடுத்து உடம்பாக்கிக்கொள்ளும் கல்சியத்தை, அவர் ஒரு துளியும் தப்பாமல் வடித்துக் கோழிக்குப் போட்டிருக்கிறார்.

“என்ன, ஏதும் செய்யுதோ உங்களுக்கு?” என்று கமலாசனி கேட்டார்.

“இல்லை. நான்தான் செய்துபோட்டன்.”

அன்றிலிருந்து வடிப்பதை விட்டார். உப்பை அப்படியே கரைத்தார். ஆயினும் கடையுப்பிலே கடலில் உள்ளதெல்லாம் இல்லை. உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரோடு பாதி போய்விடுகிறது. போனதை வேறு வழியாகச் சேர்க்க வேண்டும். கல்சியத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பை மழைநீரில் கலக்கிப் படியவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்தார். அந்தத் தெளிவுக்குள்ளேயே சுண்ணாம்பு கரைந்திருக்கிறது என்பதை இப்போது மறக்கவில்லை. சேலைன் குழாய் ஒன்றைப் போத்தலில் பொருத்தி, சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விழவிட்டார்; ஒரேயடியாக ஊற்றினால் காரம் ஏறி மிஞ்சியவையும் போய்விடும். மகனீசியத்துக்குப் பேதியுப்பு. அதை நகரில் வீரபாகுவின் மருந்துக்கடையில் வாங்கினார். நாலைந்து தடவை பேசாமல் கட்டிக்கொடுத்த வீரபாகு, பிறகு ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

“ஐயா, கோவிக்கப்படாது. உவ்வளவு பேதியுப்பும் ஆருக்கு?”

“வீட்டிலை நாலு பேர் சுகமில்லாமக் கிடக்கினம்.”

“நீங்களும் அம்மாவும் ரண்டு பேர்தானே.”

“நாங்கள் அதுக்குள்ளை இல்லை.”

வீரபாகு அதற்குமேல் கேட்கவில்லை. அந்த ஆண்டுகளில் வவுனியாவில் ஒருவரிடம் அதற்குமேல் கேட்பது வழக்கமில்லை.

செத்த நுனிகளைக் குறட்டால் முறித்து எடுத்தார். வெற்றெலும்பில் படர்ந்த பாசியைப் பழைய பற்தூரிகையால் தேய்த்தார். கூனி இறாலை அரைத்து வடித்த நீரில் சில துளிகளை வாய்களின்மேல் விட்டார். மின்சாரம் நின்றால் தொட்டியின் மோட்டரும் நின்றுவிடும். அப்போது நீருக்குள் குழாயை விட்டுச் சைக்கிள் பம்பினால் காற்று அடிக்க வேண்டும். அவருக்குக் கை உளைந்தால் கமலாசனி வாங்கி அடிப்பார். இடையிடையே முதுகை நிமிர்த்தித் தம் விதியை நொந்துகொள்வார். மாதங்கள் போயின. வெளுப்பு நின்றது, நிறம் வரவில்லை. திருத்தம் என்பது எவ்வளவு மெல்ல வரும் என்று தெரிந்திருந்தால் முத்துலிங்கம் அதைத் தொடங்கியிருப்பாரோ தெரியாது. பிறகு ஒரு மாரியில், முருகை ஒன்றின் அடிப்பக்கத்தில் நகக்கண் அளவுக்குப் பழுப்பு நிறம் ஊறியிருந்தது. கமலாசனி அதை அழுக்கு என்றார். முத்துலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்து, “இல்லை, சதை” என்றார்.

2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்த சனத்தால் பள்ளிக்கூடங்களும் முகாம்களும் நிரம்பின. கமலாசனியின் தங்கை மீனம்மாவும் ஒரு முகாமில் இருந்தார். காலையில் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு இருவரும் பஸ்ஸில் போவார்கள். வெயிலில் வேலிக்கு வெளியே காத்து நிற்பார்கள். முகத்தைக் கண்டும் காணாமலும் திரும்புவார்கள். வீட்டுக்கு வந்ததும் முத்துலிங்கம் சட்டையைக் கழற்றாமலே சுண்ணாம்புப் போத்தலை எடுப்பார்.

“அங்கை என்ரை தங்கச்சி குடிக்கத் தண்ணிக்கு வரிசையிலை நிக்கிறாள்” என்றார் கமலாசனி ஒரு நாள். “இஞ்சை நீங்கள் கல்லுக்குத் தண்ணி ஊத்துறியள்.”

முத்துலிங்கம் போத்தலைக் கீழே வைத்தார். “நீ சொல்லுறது சரி. நான் இதை இப்ப விட்டால் அவளுக்கு ஒரு செம்புத் தண்ணி கூடக் கிடைக்குமெண்டால் விட்டிடுவன்.”

கமலாசனி கதிரையில் இருந்து சோற்றுப் பொட்டலம் கட்டிய துணியை மடித்தார். பிறகு எழுந்து போத்தலைத் தாமே குழாயில் மாட்டினார்.

அந்த ஆண்டு புரட்டாதியில் மஹ்றூப், மீனை ஐஸில் அடைக்கும் பெரிய வெள்ளை ரெஜிபோம் பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். சரீபா முந்திய ஆண்டே காலமாகியிருந்தார். மஹ்றூப்பின் தாடி முழுவதும் நரைத்திருந்தது. முத்துலிங்கம் அவரைத் தொட்டிக்குப் போகவிடாமல் மறித்து, அலுமாரியின் மேலிருந்த வெள்ளைக் கல்லை எடுத்து நீட்டினார்.

“முதல் இதைப் பார். இது போச்சு. என்ரை கைப்பிழை.”

உப்பு வடித்த கதையை ஒன்றும் விடாமல் சொன்னார். மஹ்றூப் கல்லைப் புரட்டிப் பார்த்தார்.

“தெரியாமச் செய்ததுதானே அண்ணை.”

“தெரிஞ்ச வேலையாலைதான் வந்தது.”

மஹ்றூப் தொட்டியின் முன் குந்தியிருந்தார். நான்கு முருகைகளும் பழுப்பும் பச்சையுமாய் நின்றன. ஒன்றின் பாதி இன்னும் வெறும் எலும்பு. மற்றப் பாதியில் வாய்கள் விரிந்திருந்தன. நெடுநேரம் பார்த்துவிட்டு, “பச்சையை நீங்கள் வைச்சிருங்கோ” என்றார்.

“வேண்டாம் தம்பி. எல்லாத்தையும் கொண்டு போ. எனக்கு இனி ஒண்டையும் பொறுப்பெடுக்க ஏலாது.”

“அந்தச் சைக்கிள் பம்பையும் கொண்டு போங்கோ” என்றார் கமலாசனி. “என்ரை கண்ணிலை இனிப் படக்கூடாது.”

நான்கையும் தொட்டி நீரோடு பெட்டியில் வைத்து மூடினார்கள். செத்ததைத் துணியில் சுற்றி மஹ்றூப் தம் பைக்குள் வைத்தார். படலையடியில் நின்று, முகத்தைப் பாராமல் சொன்னார்:

“ஆறு வருசமாக் கடையைக் கூட்டினியளாம். பரந்தன் ஆக்கள் சொல்லிச்சினம்.”

“பலகையும் மாத்தினனான்” என்றார் முத்துலிங்கம்.

“ஓம். அதுவும் சொன்னவை.”

பஸ் வரும் வரையும் இருவரும் அங்கே நின்றார்கள்.

புத்தளத்தில் கடல்நீருக்குக் குறைவில்லை; ஆனால் மெலிந்திருந்த முருகைகளுக்குச் சுண்ணாம்பும் வேண்டியிருந்தது. மஹ்றூப் கரைத்த சுண்ணாம்பு நீர் அங்குள்ள தொட்டியைப் பால்போலக் கலக்கிவிட்டது. “எனக்கு உந்தப் பக்குவம் வருகுதில்லை, அண்ணை. உங்கட தண்ணியையே அனுப்புங்கோ” என்று தொலைபேசியில் சொன்னார். முத்துலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் வாளியை எடுத்தார். கலக்கினார், படியவிட்டார், தெளிந்ததை மட்டும் போத்தலில் அடைத்து, பஸ் நடத்துநர் கையில் கொடுத்தனுப்பினார். காலமாகுமுன் கடைசியாக அப்படி இரண்டு போத்தல்களை அவர் அனுப்பியது 2009 டிசெம்பர் 27ஆம் திகதி.