புல்லுக்குக் காய்ச்சலா?

ஆயர் ஈத்தாம் ஊர்ப் பள்ளியில் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்த மூன்றாவது வாரம் என் பல்கலைக்கழக விரிவுரையாளர் என்னை மதிப்பிட வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். படிவம் நான்கில், பதினாறு வயது மாணவர்களுக்கு விவசாயப் பாடம். தலைப்பு, களை ஒழிப்பு. முந்தின நாள் முழுக்க வாடகை அறையில் நடந்துகொண்டே பாடத்தைச் சொல்லிப் பார்த்திருந்தேன். "உட்காருலா, ஒன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்று அறைத்தோழி கத்தியும் என்னால் உட்கார முடியவில்லை.

வகுப்பு மலாயில் நடக்கும். முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. பிறகு, கழுவிக் கொண்டுபோயிருந்த காலிக் களைக்கொல்லிப் புட்டியை உயர்த்திக் காட்டி, "புல்லுக்கு அடிக்கும் இந்த உபாட்டை எப்படிக் கலப்பது என்றால்..." என்று தொடங்கினேன்.

உபாட் என்றால் மலாயில் மருந்து. களைக்கொல்லிக்குப் பாடப்புத்தகம் தரும் பெயர் ராச்சூன், அதாவது விஷம். அந்தச் சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. தேர்வில் நூறு முறை எழுதியிருக்கிறேன். ஆனால் புட்டியைக் கையில் எடுத்ததும் வீட்டுத் தமிழில் நினைத்து மலாயில் பேசிவிட்டேன். எங்கள் வீட்டில் அது மருந்துதான். மருந்து அடிக்கப் போனாங்க, மருந்து தீந்துபோச்சு, சட்டையெல்லாம் மருந்து வாடை. இப்படிக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

முன்வரிசையில் இருந்த மலாய்ப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். ஆசிரியரை மலாயில் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சிக்கு, புல்லுக்குக் காய்ச்சலா?"

"எம்சி எழுதிக் கொடுங்க சிக்கு, ரெண்டு நாள் லீவு எடுத்துக்கட்டும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். விரிவுரையாளர் மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்து நடைபாதையில் நின்றபோது அவர் குரலை உயர்த்தாமல்தான் பேசினார். விஷத்தை மருந்து என்று ஓர் ஆசிரியை சொன்னால் பிள்ளைகள் அதை மருந்தைப் போலவே கையாள்வார்கள். ஆகவே இந்தப் பாடத்துக்குத் தேர்ச்சி கிடையாது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வருவார். அப்போதும் சரியில்லை என்றால் பயிற்சியை இன்னொரு பருவம் நீட்டிக்க வேண்டும். என் தோழிகளோடு நான் பட்டம் வாங்க முடியாது.

"அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

"வாய் தவறிவிட்டது, டாக்டர்."

அது பொய். அதற்கு முன்பே ஒரு பொய் இருந்தது. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு அறிமுக நாளில் ஆளாளுக்குப் பெற்றோரின் வேலையைச் சொன்னபோது, "என் அம்மா தோட்டத் துறையில் இருக்கிறார்" என்றேன். நிர்வாகியா என்று ஒருத்தி கேட்டாள். நான் புன்னகை செய்தேன். என் அம்மா குளுவாங்கில் குத்தகைக்காரர் ஒருவரின் லாரியில் ஏறிப்போய், செம்பனைத் தோட்டத்தில் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடிப்பவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் பள்ளியிறுதியான படிவம் ஐந்தைத் தாண்டியது நான் ஒருத்திதான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒருபோதும் கூச்சம் இருந்ததில்லை. அம்மாவின் வேலையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். என் பட்டமளிப்புக்குத் தான் உடுத்த வாங்கிய சேலையை அம்மா இரண்டாவது முறையாக எனக்குப் பிரித்துக் காட்டினார். வரும்போதே மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டு அக்கா, "டீச்சரம்மா வந்தாச்சா?" என்றிருந்தார். எதற்கும் பதில் சொல்லப் பிடிக்காமல் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில், சர்பத் கலக்கும் ஒரு சிரப் புட்டி. உள்ளே இருந்தது சிரப் இல்லை.

"ம்மா, இது என்ன?"

"கொஞ்சம் மருந்துலா. கீழ லோங்கான்ல, சாக்கட ஓரத்துல புல்லு மண்டிக் கெடக்கு, அதுக்கு."

"இது மருந்து இல்லம்மா, விஷம். இத இங்க வைக்கலாமா?"

கேட்ட விதம் தப்பு. விரிவுரையாளர் மேல் இருந்த எரிச்சலை அம்மா மேல் கொட்டினேன்.

"அப்ப நான் இத்தன வருசமா முதுகுல வெசத்தத் தூக்கிக்கிட்டுப் போனேனா?"

"அப்படிச் சொல்லல..."

"அப்படித்தான் சொல்ற. வெசம்னு சொன்னா எவ காலையில எந்திரிச்சு வேலைக்குப் போவா? படிச்சவ நீ, என்ன வேணா சொல்லிக்க."

மறுபடி சோதிக்கப் போகிறார்கள் என்பதை அம்மாவிடம் சொல்லவே இல்லை. மதியப் பேருந்திலேயே திரும்பிவிட்டேன்.

இரண்டு வாரம் எதிலும் மனம் நிற்கவில்லை. பாடக்குறிப்பை நான்கு முறை மாற்றி எழுதினேன். ராச்சூன், ராச்சூன் என்று பல் தேய்க்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டேன். விரிவுரையாளர் வந்த அன்று காலை, எழுதியதை எல்லாம் ஆசிரியர் அறை மேசை மேலேயே வைத்துவிட்டு வகுப்புக்குள் போனேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தாள்களைப் பார்த்தாலே அலுப்பாக இருந்தது.

புட்டியை மேசையில் வைத்து, "இதை உங்கள் வீட்டில் என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

"ராச்சூன்" என்றாள் அந்த முன்வரிசைக்காரி. "எங்க வீட்டுல மருந்துதான், சீன மொழியில" என்றான் காய்கறித் தோட்டக்காரர் மகன். பின்னால் இருந்த தமிழ்ப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள். அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரிந்த மௌனம்.

"சிக்கு வீட்டுல?" என்றாள் முன்வரிசைக்காரி.

"மருந்து" என்று தமிழிலேயே சொன்னேன். "போன தடவை நான் உபாட் என்றது அதனால்தான். என் அம்மா தோட்டத்தில் இதைத் தெளிக்கும் வேலை செய்கிறார்."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசைப் பெண் மெல்ல நிமிர்ந்தாள். "எங்க அம்மாவும்தான், டீச்சர்."

அதற்குப் பிறகு பாடம் தானாக ஓடியது. பெயர் மருந்து என்று இருந்தால் கையைக் கழுவத் தோன்றுமா, மூக்கை மூடத் தோன்றுமா, சிரப் புட்டியில் ஊற்றி வைக்கத் தோன்றுமா என்று அவர்களே சண்டை போட்டார்கள். கரும்பலகையில் மூன்று மொழிச் சொற்களையும் எழுதி, ராச்சூனுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். கையுறை, முகமூடி, காலணி, தோலில் படாத உடை என்று வரிசையாகச் சொல்லி முடித்த நேரத்தில் முன்வரிசைக்காரி மறுபடி கையைத் தூக்கினாள்.

"சிக்கு அம்மா என்ன போட்டுக்குவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அம்மா விடியுமுன் கிளம்புவார், நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அவர் திரும்பி வந்து குளித்த பிறகுதான் நான் அவரைப் பார்த்திருக்கிறேன். "கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன்" என்றேன்.

விரிவுரையாளர் தேர்ச்சி என்று எழுதி, தாளை என் பக்கம் நகர்த்தினார். "வாய் தவறிவிட்டது என்று என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். பரீட்சை ஒன்று இருந்தது, பாஸ் என்றேன். "அதான் தெரியுமே" என்றார். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"ம்மா, வேலைக்குப் போறப்ப மேல என்ன போட்டுக்குவீங்க?"

"என்னத்தப் போடுறது? ஒன் பழைய பள்ளிக்கூட வெளயாட்டுச் சட்டதான். நீட்டுக் கை பாரு, வசதியா இருக்கு."

"நனையாதா?"

"நனையும். அப்புறம் காஞ்சிரும்லா."

முதுகில் பள்ளியின் பெயர் போட்ட பருத்திச் சட்டை அது. படிவம் ஐந்தில் நான் வாங்கியது. கையுறையும் மழைச்சட்டையும் வாங்கி வருகிறேன் என்றேன். வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எவள் நடப்பாள் என்றார். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில், "சரி வாங்கிட்டு வா, பாப்போம்" என்று போனை வைத்தார்.

சனிக்கிழமை கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி இரண்டையும் வாங்கினேன். அம்மா போட்டுக்கொள்வாரா என்று தெரியாது. திங்கட்கிழமை முன்வரிசைக்காரி கேட்பாள். சட்டையைப் பற்றி அவளிடம் சொல்லத்தான் வேண்டும்.